முன்பாரம்

ஒஹையோவில் ஃபின்லே என்ற ஊரைத் தாண்டி வடக்கே போனால் ஐ-75 நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடுதான். மறைப்பு எதுவும் கிடையாது. மேற்கிலிருந்து காற்று அடித்தால் நேராக வண்டியின் விலாவில் வந்து விழும். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும், அந்த இடத்தில் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த முப்பதடி நீள ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கியது.

முதலில் அதை ஆட்டம் என்றே நான் நினைக்கவில்லை. ஒரு பெரிய லாரி என்னை முந்திப் போனது. அது போகும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு உறிஞ்சும். ஸ்டியரிங்கில் லேசாக ஓர் இழுப்பு தெரிந்தது, சரிசெய்தேன். அடுத்த நொடி எதிர்ப் பக்கம் இழுத்தது, அதையும் சரிசெய்தேன். மூன்றாவது இழுப்பில் சபர்பனின் பின்பக்கம் முழுவதும் நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால், வலது கண்ணாடியில் ட்ரெய்லரின் சுவர் முழுசாகத் தெரிகிறது. அடுத்த கணம் அது மறைந்து இடது கண்ணாடியில் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாக. பின்சீட்டில் அம்மா “முருகா” என்றது கேட்டது. குழந்தைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு அது ஊஞ்சல்.

பிரேக்கை மிதிக்கக் கூடாது என்று படித்திருந்தேன். முன்னால் போகும் வண்டி வேகம் குறைந்தால் பின்னால் வருவது தள்ளும், ஆட்டம் கூடும். டேஷ்போர்டில் ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிப்பதற்கு ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதை இரண்டு விரலால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். என் விரல்கள் அதைத் தேடிக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு நொடிகூட இருக்காது. பின்னால் ஒரு கை பிடித்து இழுத்தது போல ட்ரெய்லர் நேரானது. 65 மைல் வேகத்திலிருந்து 40க்கு வந்து, ஓரங்கட்டி, அபாய விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அப்பா முன்சீட்டிலிருந்து கேட்டார்: “பின்னாடி என்னத்தடா ஏத்தி வச்சிருக்க?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் முந்தைய நாள் ராத்திரி உட்கார்ந்து, ஸ்ப்ரெட்ஷீட் போட்டு, கணக்குப் பார்த்து, வேண்டுமென்றேதான் நான் பின்னால் ஏற்றியிருந்தேன்.

என்ன நடந்ததென்றால், அப்பாவும் அம்மாவும் சாத்தூரிலிருந்து மூன்று மாதம் வந்திருந்தார்கள். கொலம்பஸிலிருந்து மிச்சிகனின் மேல் தீபகற்பம் வரை ஒரு வாரம் சுற்றலாம் என்று திட்டம். ஆறு பேருக்கு மோட்டல் அறை, ஓட்டல் சாப்பாடு என்றால் கட்டுப்படியாகாது, அம்மாவுக்கு வெளிச்சாப்பாடும் ஒத்துக்கொள்ளாது. எனவே ஒரு ட்ராவல் ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்தேன். இதைப் பார்க்காதவர்களுக்கு: படுக்கை, அடுப்பு, கழிப்பறை, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ள ஒரு சிறு வீடு. எஞ்சின் கிடையாது. நடுவுக்குச் சற்றுப் பின்னால் இரண்டு அச்சுகள், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் இரும்பு முக்கோணம். அதன் நுனியை வண்டியின் பின்னால் இருக்கும் உருண்டையில் மாட்டி இழுத்துப் போக வேண்டும். மொத்த எடை, சாமான்களோடு, 7,200 பவுண்டு. என்னிடம் இருந்தது ஒரு பழைய சபர்பன், எட்டு பேர் உட்காரும் வண்டி. எட்டாயிரம் பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று அதன் விளம்பரத் தாளிலேயே இருந்தது. வாடகைக்குக் கொடுத்தவரும் அதையே சொன்னார். “தாராளமா இழுக்கும்.”

ஆனால் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவு எடைக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். என் வண்டியில் அது 1,640 பவுண்டு. நான் எஞ்சினியர், படித்துவிட்டேன். ஆறு பேரும் சேர்ந்து 705. குழந்தை சீட்டுகள், ஐஸ் பெட்டி, பைகள் 160. மாட்டுவதற்கான ஹிட்ச் சட்டமே 100. மிச்சம் 675. ட்ரெய்லரின் நுனி அந்த உருண்டையின் மேல் அழுத்தும் எடையும் இந்த 1,640க்குள்தான் வர வேண்டும். அமெரிக்காவில் அதை டங் வெயிட், அதாவது நாக்கு எடை என்பார்கள். ட்ரெய்லர் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. என் ட்ரெய்லரில் அது 13 சதவீதம், 936 பவுண்டு. 261 பவுண்டு அதிகம்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. நாக்கில் எடை அதிகமென்றால் பின்பக்கம் எடை சேர்த்தால் போதும், முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். தராசு மாதிரி. சைக்கிள்களை ட்ரெய்லரின் பின் பம்பரில் மாட்டினேன். டப்பாச் சாமான்களைப் பின் படுக்கைக்குக் கீழே தள்ளினேன். பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியை நிரப்பினேன். ஸ்ப்ரெட்ஷீட்டில் சிவப்பாக இருந்த கட்டம் பச்சையானது. அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பல வாரங்கள் எனக்கு ஒரே கேள்விதான். எட்டு பேர் உட்காரக்கூடிய, எட்டாயிரம் பவுண்டு இழுக்கக்கூடிய ஒரு வண்டி, ஆறு பேரோடு 7,200 பவுண்டை ஏன் இழுக்க முடியவில்லை? இரண்டு எண்களும் பொய்யில்லை. அப்படியானால் அவற்றை யார், எதை மனதில் வைத்து எழுதினார்கள்? அதைத் தேடிப் போனபோதுதான் இந்த வண்டிகளின் வரலாற்றுக்குள் விழுந்தேன்.

காரின் பின்னால் வீட்டைக் கட்டி இழுக்கும் ஆசை காரோடு சேர்ந்தே வந்துவிட்டது. 1919ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில், டி சோட்டோ பூங்காவில் கூடாரமடித்திருந்த கார் பயணிகள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர் டின் கேன் டூரிஸ்ட்ஸ், தகர டப்பா சுற்றுலாக்காரர்கள். டப்பா உணவைத் தின்றுகொண்டு, டின் லிஸ்ஸி என்று கேலியாக அழைக்கப்பட்ட ஃபோர்டு மாடல்-டி காரில் வருபவர்கள். ரேடியேட்டர் மூடியில் ஒரு சூப் டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது அவர்களுடைய அடையாளம். காரில் வந்தால் யாரையும் கேட்காமல் எங்கும் நிற்கலாம், யாருக்கும் அறை வாடகை தர வேண்டியதில்லை. அவர்களுக்குச் சுதந்திரம் என்றால் அதுதான்.

தொழிலாக இதை மாற்றியவர் ஆர்தர் ஷெர்மன் என்ற டெட்ராய்ட்காரர். கார் ஆசாமி இல்லை, பாக்டீரியாலஜிஸ்ட். 1920களின் கடைசியில் குடும்பத்தோடு முகாம் போவதற்கு ஒரு மடக்குக் கூடார ட்ரெய்லரை வாங்கினார். சில நிமிடங்களில் விரிக்கலாம் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது, கூடாரம் விரிய மறுத்தது, எல்லோரும் நனைந்தார்கள். கடுப்பான மனிதர் மேசனைட் பலகையில் ஆறடிக்கு ஒன்பதடியில் ஒரு பெட்டியைச் செய்து சக்கரத்தில் ஏற்றினார். பிள்ளைகள் அதற்குக் ‘கவர்டு வேகன்’ என்று பெயர் வைத்தார்கள், மேற்கு நோக்கிப் போன முன்னோர்களின் கூண்டு வண்டி. 1930 டெட்ராய்ட் கார் கண்காட்சியில் அதை நிறுத்தினார். ஆறேழு வருடத்தில் நாட்டிலேயே பெரிய ட்ரெய்லர் கம்பெனி அவருடையது. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவில் நடந்தது இது. பலருக்கு அந்தப் பெட்டி சுற்றுலா வண்டியாக இல்லை, வீடாகவே இருந்தது.

எனக்குப் பிடித்தது மேற்குக் கரைக் கதை. ஹாலி போலஸ் என்பவர் கிளைடர் விமானங்கள் செய்தவர். லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த ‘ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ விமானம் சான் டியாகோவில் கட்டப்பட்டபோது அந்த வேலையை மேற்பார்வை பார்த்தவர். 1934ல் அவர் ‘ரோட் சீஃப்’ என்று ஒரு ட்ரெய்லர் செய்தார். அலுமினியக் கலவைத் தகட்டை ஆணியடித்து இணைத்த கூடு. இறக்கையில்லாத விமானம் என்றே சொல்லலாம். கார் எஞ்சின்கள் அன்று அவ்வளவு பலவீனமாக இருந்தன, எனவே இழுக்கப்படுவது இலேசாக இருந்தே தீர வேண்டும். 1935ல் செவ்ரோலே முதல் சபர்பனை வெளியிட்டது. அரை டன் லாரியின் சட்டத்தின் மேல் எட்டு பேர் உட்காரும் இரும்புக் கூடு. என் வண்டியின் கொள்ளுத் தாத்தா. அதன் எஞ்சின் வெறும் 60 குதிரைசக்தி.

போலஸின் கம்பெனி நிற்கவில்லை. அந்த வடிவத்தை எடுத்து மாற்றியவர் வாலி பையம். 1936ல் அவருடைய ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ 1,200 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. நாலு பேர் தூங்கலாம், தண்ணீர் உண்டு, மின்விளக்கு உண்டு. போலஸின் வண்டியில் கதவு முன்னால், ஹிட்ச்சுக்கு மேலே இருந்தது. ஏறி இறங்குவதற்குக் கொஞ்சம் கழைக்கூத்து தெரிய வேண்டும். பையம் அதைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தார். நல்ல மாறுதல் பலநேரம் இப்படிக் கதவை நகர்த்துவதுதான்.

பையம் சிறுவனாக இருந்தபோது ஒரிகனில் ஆடு மேய்த்தவர். அப்போது அவர் தங்கியிருந்தது கழுதை இழுக்கும் ஒரு இரண்டு சக்கரக் கூண்டு வண்டியில், உள்ளே ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் தண்ணீர் வாளியும். இதைப் படித்தபோது எனக்கு ஏதோ பிடிபட்டது போல இருந்தது. இரண்டு சக்கர வண்டிக்கு எந்த விதியோ அதுதான் ட்ரெய்லருக்கும். இழுப்பது கழுதையா, மாடா, வி-8 எஞ்சினா என்பது அடுத்த விஷயம். 1947ல் ஏர்ஸ்ட்ரீம் ஒரு புகைப்படம் எடுத்தது. அல்ஃப்ரெட் லெட்டூர்னர் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர், தன் சைக்கிளில் ஒரு ட்ரெய்லரைக் கட்டி இழுக்கிறார். விளம்பரம்தான். ஆனாலும் ஒரு காலத்தின் பெருமை அதில் இருக்கிறது. எங்கள் வீடு அவ்வளவு இலேசு.

அந்த 1936ஐ விட்டுப் போக மனமில்லை. அன்று ட்ரெய்லர் மோகம் எந்த அளவுக்கு இருந்ததென்றால், ரோஜர் பாப்சன் என்ற புகழ்பெற்ற பொருளாதார ஆரூடக்காரர் இருபது வருடத்தில் அமெரிக்கர்களில் பாதிப் பேர் ட்ரெய்லரில் குடியிருப்பார்கள் என்றார். அதே வருடம் நியூயார்க்கில் விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற கறுப்பின தபால்காரர் ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டார். கறுப்பின மக்கள் எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்ற பட்டியல். ‘கிரீன் புக்’ என்று பிற்காலத்தில் பிரபலமானது அதுதான். யாரையும் கேட்காமல் எங்கும் நிற்கலாம் என்ற டாம்பாக்காரர்களின் சுதந்திரம் யாருக்கு மிக அவசியமாக இருந்ததோ, அவர்களுக்கு அதே சாலையில் அது கிடைக்கவில்லை. ட்ரெய்லர் முகாம்களிலும் நிறப் பிரிவினை இருந்தது.

போருக்குப் பிறகு எல்லாமே பெருத்தது. போர்க் காலத்தில் தொழிற்சாலை ஊழியர்களுக்கு வீடாக ட்ரெய்லர்கள் பயன்பட்டதில், அது இரண்டாகக் கிளை பிரிந்தது. வீடாகவே இருக்க விரும்பியது 1950களின் நடுவில் பத்தடி அகலத்துக்கு வளர்ந்து, காரால் இழுக்க முடியாத மொபைல் ஹோம் ஆனது. பயணம் போக விரும்பியது ட்ராவல் ட்ரெய்லராக நின்றது. ஆனால் அதுவும் சும்மா இருக்கவில்லை. கார்களில் வி-8 எஞ்சின் வந்துவிட்டது, கனமான சட்டம் வந்துவிட்டது, எனவே குளியலறையும் ஃப்ரிட்ஜும் உள்ளே ஏறின.

சிக்கல் இழுவிசையில் இல்லை. கனமான நாக்கைக் காரின் பின்னால் மாட்டினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். முன்சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டியரிங் பிடிக்காது, பிரேக் பிடிக்காது. இதற்கு 1950களில் பரவிய தீர்வு எடைப் பகிர்வு ஹிட்ச். யோசனை ரொம்ப எளிமையானது. தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் எடை அதன் முன்சக்கரத்துக்குப் போகிறதல்லவா? அதேபோல இரண்டு வில் கம்பிகளை ஹிட்ச்சில் செருகி, மறுமுனையைச் சங்கிலியால் ட்ரெய்லர் சட்டத்தோடு முறுக்கி இழுத்துக் கட்டுவார்கள். கம்பிகள் வளைந்து காரின் பின்பக்கத்தைத் தூக்கும். எடையில் ஒரு பங்கு முன்சக்கரத்துக்கும், ஒரு பங்கு ட்ரெய்லரின் அச்சுக்கும் போகும். எந்த எடையும் இதனால் காணாமல் போவதில்லை. இடம் மாறுகிறது. எனக்கு மாட்டிக் கொடுத்ததும் இதன் பேரப்பிள்ளைதான். இதை மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பியதில் பாதி தப்பு இந்த வரலாற்றுடையது.

1954ல் ‘தி லாங், லாங் ட்ரெய்லர்’ என்று ஒரு படம் வந்தது. வின்சென்ட் மின்னெல்லி இயக்கியது, லூசில் பாலும் டெசி அர்னாஸும் புதுமணத் தம்பதி. முப்பத்தாறு அடி ட்ரெய்லர். அவளுக்கு ஒரு பழக்கம், போகும் இடத்திலெல்லாம் நினைவாக ஒரு கல்லைப் பொறுக்குவாள். மலையேறுவதற்கு முன் கல்லையெல்லாம் தூக்கிப் போடு என்கிறான் கணவன். அவள் ஒளித்துவைக்கிறாள். மலைப்பாதையில் எடை தன் வேலையைக் காட்டுகிறது. நகைச்சுவைப் படம் என்று போட்டிருந்தார்கள். ஃபின்லேவுக்குப் பிறகு பார்த்ததால் எனக்கு அந்த மலைக் காட்சி திகில் படம் மாதிரி இருந்தது. கணவனின் தொழில் சிவில் எஞ்சினியர் என்பது மேலும் சங்கடம். ஒரு விஷயத்தில் மட்டும் நான் அந்தப் படத்தோடு சண்டை போடுவேன். கல்லை ஒளித்தவளைக் காட்டிச் சிரிக்கச் சொல்கிறது. என் அனுபவத்தில் கல்லை ஏற்றியவன் எஞ்சினியர்தான்.

இந்த மோகத்தின் உச்சம் 1959. பையம் 41 ஏர்ஸ்ட்ரீம்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்க் கேப்டவுனில் இறக்கினார். நிறவெறிச் சட்டங்கள் ஆண்ட தென்னாப்பிரிக்காவிலிருந்து கெய்ரோ வரை, ஆப்பிரிக்காவை நெடுக்கக் கடந்து இழுத்துப் போனார்கள். வந்தவர்களில் பலர் ஓய்வு பெற்ற தம்பதிகள். சேறு, உடைப்பு, ரிப்பேர் என்று மாதக்கணக்கில் போய், 1960ல் பிரமிடுகளுக்கு முன்னால் வெள்ளி வண்டிகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். வழியில் எத்தியோப்பியாவில் பேரரசர் ஹெய்லி செலாசி அவர்களைச் சந்தித்தார். அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கு இரண்டு மாதிரித் தோன்றும். ஒன்று, அடேங்கப்பா. இன்னொன்று, ஒரு கண்டம் முழுக்க விடுதலைக்காகக் கொதித்துக்கொண்டிருந்த வருடத்தில் இவர்கள் சொந்தப் படுக்கையோடு, சொந்தக் கழிப்பறையோடு அதைக் கடந்திருக்கிறார்கள். பையம் 1962ல் இறந்தார். அடுத்த வருடம் கிளம்பிய உலகச் சுற்றுப் பயணம் சிங்கப்பூரில் தொடங்கி, இந்தியா வழியாகவும் போய், போர்ச்சுகலில் முடிந்தது.

கார்கள் ட்ரெய்லர் இழுப்பதை நிறுத்தியது 1973க்குப் பிறகு. அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. 1975ல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் கொண்டுவந்தது. 1977ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய கார்களைச் சுருக்கியது. மற்றவர்களும் சுருக்கினார்கள், முன்சக்கர இயக்கத்துக்கு மாறினார்கள், தனிச் சட்டத்தைக் கைவிட்டார்கள். ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. லாரி வகை வண்டிகளுக்குத் தனி அளவு, தளர்வான அளவு. சபர்பன் பிறப்பிலேயே லாரி. 1973ல்தான் அதற்கு நான்கு பக்கக் கதவுகள் வந்திருந்தன. ஸ்டேஷன் வேகனில் போன குடும்பங்கள் மெதுவாக இந்தப் பக்கம் வந்தார்கள். 1990களில் அது வெள்ளமானது. கடைசிப் பெரிய ஸ்டேஷன் வேகன்களை ஜெனரல் மோட்டார்ஸ் 1996ல் நிறுத்திவிட்டது. லாரிச் சட்டத்தின் மேல் தோல் சீட்டும் ஏசியும் போட்டு, அதைக் குடும்ப வண்டி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று.

பிறகு எண்களின் போர். உன் வண்டி ஏழாயிரம் இழுக்குமா, என் வண்டி எட்டாயிரம். எப்படி அளந்தாய் என்று கேட்க ஆளில்லை, ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் அளந்தது. கடைசியில் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர்கள் அமைப்பு 2008ல் ஜே2807 என்ற பொது அளவுமுறையை வெளியிட்டது. 2011 மாடல்களில் டொயோட்டா முதலில் அதை ஏற்றது, மற்றவர்கள் சில வருடம் இழுத்தடித்துவிட்டு வந்தார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணையிலிருந்து மேலேறும் ஒரு மலைச் சாலை இருக்கிறது, பதினோரு மைலுக்கு மேல் நீளம். நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுசாக வைத்து, ட்ரெய்லரோடு அதில் 40 மைல் வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும். நேர்மையான, கடினமான சோதனை. படித்தபோது அந்தப் பொறியாளர்கள் மேல் மரியாதை வந்தது.

அப்புறம் அந்த வரியைப் படித்தேன். சோதனையில் வண்டிக்குள் எத்தனை பேர்? ஓட்டுநர் ஒருவர், பக்கத்தில் ஒருவர். ஆளுக்கு 150 பவுண்டு. நாக்கு எடை ட்ரெய்லரில் பத்து சதவீதம்.

எட்டு சீட்டு வண்டி. இரண்டு பேர். அந்த எட்டாயிரத்துக்குள் என் அம்மா இல்லை, குழந்தைகள் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை. கேப்டவுன் போன அந்த ஓய்வுபெற்ற தம்பதிகளுக்காக எழுதப்பட்ட எண் போல இருந்தது. மஞ்சள் ஸ்டிக்கருக்கு வேறு கதை. 2000ல் எஸ்யூவிகளின் டயர் பிய்ந்து, வண்டி கவிழ்ந்து பலர் செத்த விவகாரத்துக்குப் பிறகு வந்த ட்ரெட் என்ற சட்டத்தின் விளைவு அது. ஒரு எண்ணை விற்பனைக்காரர்கள் உரக்கச் சொல்கிறார்கள், இன்னொன்று கதவைத் திறந்தால்தான் தெரியும். இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் கூட்டிக் காட்டும் வேலையை வாங்குபவனிடம் விட்டுவிட்டார்கள். வாங்குபவன் ஸ்ப்ரெட்ஷீட்டோடு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஐரோப்பாவில் நாக்கு எடை பத்து சதவீதத்துக்கு நன்றாகவே குறைவு. அங்கே மட்டும் எப்படி ஓடுகிறது என்றால், ட்ரெய்லரோடு போகும் வேகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஜெர்மனியில் பொதுவாக 80 கிலோமீட்டர். ஆட்டம் என்பது வேகத்தின் குழந்தை. ட்ரெய்லரின் எடை அச்சுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, அவ்வளவு தூரம் ஆட்டம் தானாக அடங்கும். அந்த எடை பின்னால் போகப் போக, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். என் ட்ரெய்லருக்கு அந்த வேகத்தை நானே 65க்குக் கீழே இறக்கி வைத்திருந்தேன்.

சாலையோரத்துக்குத் திரும்புகிறேன். அடுத்த வெளிவழியில் லாரிகள் நிற்கும் இடம் ஒன்று இருந்தது, எடைமேடையும் இருந்தது. 35 மைல் வேகத்தில் போய்ச் சேர்ந்தோம். ட்ரெய்லரை மாட்டி ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை எடை போட்டோம். கழித்துப் பார்த்தால் நாக்கு எடை 500 பவுண்டுதான். ஏழு சதவீதம். என் கணக்கில் வந்தது ஒன்பதுக்கு மேல். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதைக் கண்ணளவில் போட்டிருந்தேன்.

அப்பா சீட்டை வாங்கிப் பார்த்தார். அவர் கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் தாத்தாவிடம் வண்டி மாடு இருந்தது, பள்ளிக்கூடம் படிக்கும்வரை அவரும் பருத்திப் பொதி ஏற்றிச் சாத்தூர் போயிருக்கிறார்.

“பின்பாரம்டா இது,” என்றார். “பின்பாரம் ஏறுனா நுகத்தடி மேல தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்த இறுக்கும். மாடு எங்கிட்டுப் போகும்? தாத்தாட்ட இப்படி ஏத்தினா அடி விழும்.”

“முன்னாடி ஏத்தினா வண்டி தாங்காதுப்பா. கணக்கு இடிக்குது.”

“முன்பாரம் ஏறுனா மாட்டுக் கழுத்துல காய்க்கும். அதுக்குத்தான் பாரம் ஏத்தினா வண்டிக்காரன் இறங்கி நடப்பான்.”

அவர் அதை யோசனையாகச் சொல்லவில்லை. ஏதோ பழைய ஞாபகத்தில் சொன்னார். என் மனைவிதான் அதைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப நாங்க இறங்கிக்கிறோம்,” என்றாள்.

அன்று மதியம் டொலீடோவில் ஒரு சின்னக் கார் வாடகைக்கு எடுத்தோம். மோட்டல் செலவை மிச்சம் பிடிக்க ட்ரெய்லர் எடுத்தவன் கடைசியில் அதற்கு மேல் ஒரு காருக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன். மனைவி, அம்மா, குழந்தைகள், பைகள் எல்லாம் அதில். தண்ணீரைத் திறந்து விட்டோம், டப்பாச் சாமான்களை முன்னால் கொண்டுவந்தோம், பின்னால் தொங்கிய சைக்கிள்களை வாடகைக் காருக்கு மாற்றிக் கட்டினோம். சபர்பனில் நானும் அப்பாவும் மட்டும். அதன்பிறகு 60ஐத் தாண்டவில்லை.

பல மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை ஜாக்சன் சென்டர் போயிருந்தேன். ஏர்ஸ்ட்ரீம் தொழிற்சாலை 1952லிருந்து அங்கேதான் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குக் கொஞ்ச தூரத்தில்தான் வாபகோனெட்டா, நீல் ஆர்ம்ஸ்ட்ராங் பிறந்து வளர்ந்த பகுதி. 1969ல் அவர் நிலவிலிருந்து திரும்பியபோது, கிருமி பயத்தில் மூன்று பேரையும் கப்பலில் வைத்திருந்த தனிமைக் கூடு, ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லரை மாற்றிச் செய்தது. சக்கரம் மட்டும் கிடையாது. அதன் சின்ன ஜன்னல் வழியாகத்தான் அமெரிக்க அதிபர் நிக்ஸன் அவர்களோடு பேசினார். பக்கத்து ஊர்க்காரர் நிலவு வரை போய்விட்டு வந்து ட்ரெய்லருக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மேக்கினா பாலத்தைக் கடந்தோம். ஐந்து மைல் நீளம், இரண்டு பெரிய ஏரிகள் சேரும் நீரிணைக்கு மேலே. அன்று காற்று எச்சரிக்கை போட்டிருந்தார்கள். ட்ரெய்லர் இழுப்பவர்களை நிறுத்தி, பாலத்து ஊழியரின் வண்டி முன்னால் போக, 20 மைல் வேகத்தில் அனுப்பினார்கள். உள் பக்கத் தடம் வெறும் இரும்புக் கம்பி வலை, கீழே தண்ணீர் தெரியும். நாங்கள் வெளித் தடத்தில். வாடகைக் காரில் இவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள், சின்னவள் ஜன்னலில் கையை ஆட்டினாள். அப்பா ஒரு கையால் கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்தபடி, பக்கவாட்டுக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை.

“நேரா வருதா?” என்று கேட்டேன்.

“வருது. நீ முன்னாடி பாரு,” என்றார்.